படிப்பக நூல்களுக்கும் ஒரு பெயர்ப்பதிவு

சிங்கப்பூரின் வடபகுதியிலுள்ள ஈசூன், இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த நகரம். ஒரு காலத்தில் அவ்வட்டாரத்தில் ரப்பரும் அன்னாசியும் விளைந்தன. அங்கே தோட்டத் தொழிலில் பெயர் பெற்ற லிம் நீ சூன் (1879–1936) என்பாரின் பெயரே, மாண்டரின் உச்சரிப்பில் ஈசூன் என நகருக்கு அமைந்தது. பால்மரம் நின்ற அவ்வூரில், நார்த்பாயிண்ட் கடைத்தொகுதியின் நான்காம் மாடியில் இப்பொழுது பொது நூலகம் இயங்கி வருகிறது. அங்கே ஒரு தமிழ் நூல் உள்ளதா என்றறிய நேரில் செல்ல வேண்டுவதில்லை. இணையத்திலுள்ள நூற்பட்டியலைக் கைத்தொலைபேசியிலேயே பார்த்துக் கொள்ளலாம்.

இவ்வசதி பெரிய நூலகங்களுக்கு மட்டுமே உரியதன்று. இரண்டு அலமாரி நூல்களைக் கொண்ட நம் தோட்டப் படிப்பகமும் இதனைப் பெறலாம். அமெரிக்காவில் டிம் ஸ்பால்டிங் என்பவர் 2005ஆம் ஆண்டில் தொடங்கிய லைப்ரரிதிங் என்னும் இணையச் சேவை இதற்கு உதவுகிறது. முன்னர் 200 நூல்கள் வரையே இலவசமாகப் பதிய முடிந்தது. 2020இல் அவ்வரம்பு நீக்கப்பட்டது. இரவல் கணக்கையும் சேர்த்து நடத்த விரும்பும் சிறு நூலகங்களுக்கு டைனிகேட் என்ற துணைச் சேவை உண்டு. அதனைப் பயன்படுத்தும் அமைப்புகள் கட்டணம் செலுத்த வேண்டும்.

பிரட்டுக்களத்தில் கிராணியார் செக்ரோலில் பெயர் பதிவதைப் போன்றதே இவ்வேலை. அண்மைக் கால நூல்களின் பின்னட்டையில் 13 இலக்கங்கள் கொண்ட அனைத்துலக நூல் எண் இருக்கும்; 2007க்கு முன் வந்தவற்றில் 10 இலக்கங்கள். அவ்வெண்ணைத் தட்டினால், உலகின் பெரிய நூலகங்களின் பதிவுகளில் தேடி, தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் ஆகியவற்றைச் சேவை தானே நிரப்பிக் கொள்ளும்.

ஆயினும், நம் அலமாரியிலுள்ள பழைய தமிழ் நூல்கள் பலவற்றில் அந்த எண்ணே இராது. அவற்றை நாமே எழுத்துக்கூட்டிப் பதிய வேண்டும். தொல்லை தொடங்குவதும் இங்கேதான். அகல் விளக்கு நாவலை எழுதியவரை ஓர் இளைஞர் ‘மு.வ.’ என்று பதிவார்; மற்றொருவர் ‘மு. வரதராசன்’ என்பார், மூன்றாமவர் மரியாதை கருதி ‘டாக்டர் வரதராசனார்’ என்பார். கணினிக்கோ இவர்கள் மூன்று வெவ்வேறு ஆசிரியர்கள்! ஆங்கில எழுத்தில் பதிந்தால் குழப்பம் இன்னும் பெருகும். ஆதலின், வேலையைத் தொடங்குமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆசிரியர் பெயர்களை எவ்வாறு எழுதுவதென்று முடிவு செய்து, பதிவோர் அனைவரும் அதனையே பின்பற்றுதல் வேண்டும். தமிழ் எழுத்தில் பதிவதே நன்று என்பது நமது கருத்து. பதிப்பாண்டையும், அன்பளித்தவர் பெயர் முதற்பக்கத்தில் இருந்தால் அதனையும் குறிப்பில் சேர்க்கலாம். இரவல் பெற்றோரின் வீட்டு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் மட்டும் பிறர் பார்வைக்கு வைத்தல் ஆகாது.

பட்டியலா பெரிது என்று சிலர் கேட்கலாம். நாமறிந்த ஒரு தோட்டம் கைமாறியபொழுது, படிப்பக நூல்கள் சாக்கில் கட்டப்பட்டு ஒரு வீட்டின் பின்கட்டில் கிடந்தன. பின்னர் அவை என்னவாயின என்பதை ஒருவராலும் கூற முடியவில்லை. எந்தெந்த நூல்கள் இருந்தன என்பதற்கே சான்று இல்லாதபோது எதனைத் தேடுவது? சிங்கப்பூரில் 1965 முதல் 2015 வரை வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்களைத் தொண்டர்கள் திரட்டி மின்வடிவாக்கியதை அன்பர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அத்தகைய முயற்சிக்கு முதல் தேவை, எந்த நூல் எங்கே உள்ளது என்னும் செய்தியே. தோட்டத்துப் படிப்பகத்தில் மட்டும் எஞ்சியுள்ள நூலும் இருக்கக்கூடும்.

இச்சேவையில் பதிந்த பட்டியலை எக்செல் கோப்பாக இறக்கிக் கொள்ளவும் இயலும். மூன்று மாதத்திற்கொரு முறை அதனை அச்சிட்டு, ஒரு படியைப் படிப்பகச் செயலாளரிடமும் மற்றொரு படியைத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடமும் கொடுத்து வைக்கலாம்.