ஏர், வல்லூறு, பானை ஓடு

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் நீச்சல், சதுரங்கம், அபாகஸ் என்று வரிசைகட்டும் கோடை முகாம்களுக்கு நடுவே, வயல், காடு, தொல்லியல் மூன்றையும் சேர்த்துக் காட்டும் முகாம்களும் வந்துவிட்டன. மூன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் மதுரை மேலூர் பக்கம் அரிட்டாபட்டிக்கு ஒருநடை போய்வரலாம். பாறையில் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டு, குடைவரைச் சிவன் கோயில், மேலே லகர் வல்லூறு, அடிவாரத்தில் கண்மாயும் அதை நம்பிய வயலும். தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-ல் அறிவிக்கப்பட்ட இடம் அது.

மே மாதத்தில் வயலில் என்ன இருக்கும் என்பார்கள். கோடை உழவு இருக்கும். மண்ணைப் புரட்டிவிட்டால் உள்ளே கிடக்கும் கூட்டுப்புழுக்கள் வெயிலில் காய்ந்து சாகும். கோடை மழை ஓடிப்போகாமல் உள்ளே இறங்கும். டிராக்டருக்குப் பின்னால் கொக்கும் மைனாவும் ஏன் நடக்கின்றன என்பது பிள்ளைகளுக்கு அங்கேயே விளங்கிவிடும். சில ஊர்களில் அதே உழவுசாலில் பழைய பானை ஓடும் புரண்டு வரும்.

முகாம்கள் சறுக்குவது இங்கேதான். ‘புதையல் வேட்டை’ என்று விளம்பரம் செய்து மணலில் பொம்மையைப் புதைத்துத் தேடவிடுவது நல்ல விளையாட்டு, அவ்வளவே. உருப்படியான முகாமிலும் மாதிரிக் குழிதான். நிஜ அகழாய்வுக்கு மத்தியத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். ஆனால் அந்த மாதிரிக் குழியிலும் கயிறு கட்டிக் கட்டம் பிரிப்பார்கள். “சார், கிடைச்சிருச்சு!” என்று ஓட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவரும் சிறுவனிடம், “எந்தக் கட்டம்? எத்தனை சென்டிமீட்டர் ஆழம்?” என்று கேட்பார்கள். பையன் விழிப்பான். கீழடியில் கி.மு. 580 என்று காலம் கணிக்கப்பட்ட கரித்துண்டு 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்தது. ஆழத்தைக் குறிக்காமல் விட்டிருந்தால் அது வெறும் கரி.

2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தில் கறுப்பு-சிவப்புப் பானைகளின் முன்னால் கொஞ்சம் நிற்கவைக்க வேண்டும். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, சாயம் பூசியதல்ல. கவிழ்த்துவைத்துச் சுட்டதால் உட்புறம் காற்றுப் படாமல் கறுத்தது, வெளிப்புறம் காற்றுப் பட்டுச் சிவந்தது. ‘ஆதன்’ என்ற பெயர் கீறிய ஓடுகளும் கீழடியில் கிடைத்திருக்கின்றன. அந்த மூன்று தமிழி எழுத்துகளைப் பிள்ளைகள் அரை மணியில் எழுதப் பழகிவிடுவார்கள்.

வயலில் நிஜமாகவே ஓடு கண்ணில் பட்டால் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. இடத்தைக் குறித்து, படமெடுத்து, ஆசிரியரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சொல்ல வேண்டும். கிணறு வெட்டிய மண்ணில் கிடைத்தவற்றைப் பற்றி 1970-களில் கீழடிப் பள்ளி மாணவர்கள் வரலாற்று ஆசிரியரிடம் சொல்ல, அவர் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தார். மத்தியத் தொல்லியல் துறை அங்கே குழி போட்டது 2015-ல்.