பட்சிராஜன் வழக்கும் பட்டாசு ஊரும்

சினிமாப் படம் ஒன்றைப் பற்றி ஜனங்கள் கொள்ளும் அபிப்பிராயத்தைப் பத்திரிகைகள் பெரும்பாலும் ஒரே படியால் அளந்துவிடுகின்றன. வசூல் எவ்வளவு, லாபமா நஷ்டமா என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. ஆனால் கொட்டகையை விட்டு வெளியே வருகிறவன் தன் கூட வருகிறவனிடம் சொல்லும் இரண்டு வார்த்தைகளில், சில சமயம் ஒரு தேசத்தின் பெரிய விவகாரமே அடங்கியிருக்கும். "எந்திரன்" படத்தின் தொடர்ச்சியாக வந்த "2.0" அப்படிப்பட்ட வார்த்தைகளைக் கிளப்பிய படம். பார்த்தவர்கள் அதைப் பற்றிச் சொன்னது என்ன, மூன்றாம் பாகத்தைப் பற்றிய யோசனை எத்தகையது, விருதுநகர் ஜில்லாவின் பட்டாசுப் பகுதிக்கும் இதற்கும் சம்பந்தம் என்ன என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வது பயனுள்ளது என்று கருதுகிறோம்.

விஞ்ஞானக் கற்பனை தமிழ் வெண்திரைக்குப் புதியதன்று. வேற்றுக் கிரகவாசிகள் பூமிக்கு வந்து ஒரு பாடகியைக் கவர்ந்து செல்வதாக அமைந்த "கலை அரசி" 1963-லேயே வெளிவந்தது. எழுத்திலோ, சுஜாதாவின் "என் இனிய இயந்திரா"வும் அதன் தொடர்ச்சியான "மீண்டும் ஜீனோ"வும் இயந்திர நாய் ஒன்றை வீடுதோறும் பழக்கப்படுத்திவிட்டன. அந்தச் சுஜாதாவின் கை பட்ட கதைதான் 2010 அக்டோபர் 1-ந் தேதி வெளியான "எந்திரன்". படம் வெளிவருவதற்கு முன்பே, 2008 பிப்ரவரியில், அவர் காலமாகிவிட்டார். எட்டு ஆண்டுகளுக்குப் பின், 2018 நவம்பர் 29-ந் தேதி, அதே ஷங்கரின் டைரக்ஷனில், அதே ரஜினிகாந்த் நடித்து, இரண்டாம் பாகம் வந்தது. இம்முறை டைரக்டருடன் சேர்ந்து வசனம் எழுதியவர் ஜெயமோகன். ஐந்நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவாயிற்று என்று சொல்லப்பட்டது. அதுவரை இந்தியாவில் எந்தப் படத்துக்கும் அவ்வளவு செலவு செய்ததாகக் கேள்வியில்லை.

ஜனங்களின் தீர்ப்பு

கதையைப் பெரும்பாலோர் அறிவர். பறவைகளுக்காகவே வாழ்ந்த பட்சிராஜன் என்னும் முதியவர், செல்போன் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் மடிகின்றன என்று ஊரெல்லாம் முறையிடுகிறார். கேட்பாரில்லை. கடைசியில் ஒரு கோபுரத்திலேயே தூக்கிட்டு உயிர் விடுகிறார். பிறகு அவருடைய ஆவி, ஜனங்களின் கைகளிலிருந்து செல்போன்களைப் பறித்து, அவற்றையே இறகுகளாகக் கொண்ட ராட்சஸப் பறவையாக உருவெடுத்துப் பழி வாங்குகிறது. அதை அடக்கச் சிட்டி என்னும் இயந்திர மனிதன் மறுபடியும் உயிர்ப்பிக்கப்படுகிறான். பட்சிராஜனாக நடித்தவர் அக்ஷய் குமார். பறவையியல் மேதை சாலிம் அலியை மனத்தில் வைத்தே அப்பாத்திரம் வார்க்கப்பட்டது.

படம் பார்த்த அநேகர் சொன்னவை ஏறக்குறைய மூன்று விஷயங்கள். முதலாவது, தந்திரக் காட்சிகளின் வியப்பு. முப்பரிமாணத்தில் எடுக்கப்பட்ட அக்காட்சிகள் கண்ணைக் கூசச் செய்தன என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. அவற்றை மேற்பார்த்த ஸ்ரீனிவாச மோகன் "எந்திரன்" படத்துக்கே தேசிய விருது பெற்றவர். இரண்டாவது, முதற் படத்தில் இருந்த வேடிக்கையும் விறுவிறுப்பும் இதில் குறைவு, முற்பகுதி நகரவில்லை என்ற குறை. மூன்றாவது அபிப்பிராயமே நமக்கு முக்கியமானது. "பட்சிராஜன் சொல்வதில் நியாயம் இருக்கிறதே! பின் ஏன் அவரைத் தோற்கடிக்க வேண்டும்?" என்று பலர் கேட்டார்கள். வில்லனின் பக்கத்தில் நியாயமும் கதாநாயகனின் பக்கத்தில் பலமும் இருந்தால், பார்ப்பவன் எந்தப் பக்கம் கை தட்டுவான்? ஜனங்கள் சிட்டிக்குக் கை தட்டினார்கள். வீடு திரும்பியபோது பட்சிராஜனை நினைத்துக்கொண்டே போனார்கள். சாமானிய ரசிகனுக்கு விவேகம் இல்லை என்று சொல்லுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதே வாரங்களில் சிவகாசி

திரையில் பட்சிராஜன் வழக்காடிய அதே வாரங்களில், அதே வழக்கு வேறு உருவத்தில் ஓர் ஊரின் அடுப்பை அணைத்திருந்தது.

மானம் பார்த்த பூமி என்று சொல்லப்படும் கரிசல் வட்டாரம் அது. பயிரை நம்பி வாழ முடியாத அவ்வூரிலிருந்து 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டியின் பின்னே பட்டாசு வந்தது. இரண்டுக்கும் லேபிள் வேண்டியிருந்ததால் அச்சுத் தொழில் வந்தது. "குட்டி ஜப்பான்" என்று பெயர் பெறும் அளவுக்கு ஊர் வளர்ந்தது. இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு இப்பகுதியில் செய்யப்படுவது என்பார்கள். சிவகாசி, சாத்தூர், விருதுநகர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் நேராகவும் மறைமுகமாகவும் லட்சக்கணக்கானோர் இதை நம்பிப் பிழைக்கின்றனர்.

2018 அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு பிறப்பித்தது. தலைநகர் டில்லியின் காற்றுக் கேட்டை முன்னிட்டு, மூன்று குழந்தைகளின் பெயரால் 2015-ல் தொடரப்பட்ட வழக்கில் பிறந்த உத்தரவு அது. பேரியம் உப்புக்கள் கூடா, சரவெடி கூடா, புகை குறைந்த பசுமைப் பட்டாசுகளையே செய்ய வேண்டும், தீபாவளியன்று இரண்டு மணி நேரமே வெடிக்கலாம் என்பது அதன் சாரம். பேரியம் நைட்ரேட் இல்லாமல் கம்பி மத்தாப்பு இல்லை, பூச்சட்டி இல்லை, சக்கரம் இல்லை என்ற நிலையில் இருந்த தொழில் அது. பசுமைப் பட்டாசின் செய்முறையோ அப்போது ஆலைகளின் கைக்கு வந்து சேரவில்லை. நவம்பர் 6-ந் தேதி தீபாவளி முடிந்தது. அம்மாத மத்தியில் ஆலைகள் மூடப்பட்டன. 2019 மார்ச் வரை பெரும்பாலானவை திறக்கவில்லை.

தேதிகளை நேயர்கள் சேர்த்துப் பார்க்க வேண்டும். "2.0" வெளியான அன்று சிவகாசியின் மருந்து அறைகள் பூட்டிக் கிடந்தன. பெரிய நடிகரின் படம் வரும் முதல் நாள் கொட்டகை வாசலில் சரவெடி வெடிப்பது நம் நாட்டு வழக்கம். தடுக்கப்பட்ட சரக்குகளில் முதன்மையானது அச்சரவெடியே. இயற்கையைக் காக்க வேண்டும் என்று திரைக்குள்ளே ஒரு முதியவர் கதற, இயற்கையைக் காப்பதற்காகவே வேலை இழந்த குடும்பங்கள் வெளியே இருந்தன. இவ்விரண்டில் எதைப் பொய் என்று தள்ளுவது?

குற்றச்சாட்டும் ருசுவும்

பட்சிராஜன் வழக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சிட்டுக்குருவிகள் பல நகரங்களில் குறைந்தது மெய். ஆனால் செல்போன் கதிர்வீச்சே அதற்குக் காரணம் என்பது ருசுவாகவில்லை. கூடு கட்ட இடமில்லாத புதுமாதிரிக் கட்டடங்கள், குஞ்சுகளுக்கு வேண்டிய புழு பூச்சிகள் அருகிப் போனது, மருந்து தெளித்த வயல்கள் எனப் பல காரணங்களை விஞ்ஞானிகள் கூறுகிறார்கள். படம் வெளியாவதற்கு இரண்டு நாள் முன்னதாக, செல்போன் கம்பெனிகளின் சங்கம் சென்ஸார் போர்டுக்குப் புகார் எழுதிற்று. படத்தைத் தயாரித்த லைக்காவின் அதிபரே செல்போன் வியாபாரத்தில் செல்வம் சேர்த்தவர் என்பது இதில் ஒரு வேடிக்கை. கம்பெனிகள் தம் லாபத்துக்காகப் பேசின என்பது வெளிப்படை. ஆயினும், ருசு இல்லாத குற்றச்சாட்டு நல்ல நோக்கத்தையும் கெடுத்துவிடும் என்பதை நாம் மறக்கலாகாது.

சிவகாசிக்கு இது அனுபவப் பாடம். 2019 மார்ச்சில் இதே சுப்ரீம் கோர்ட்டின் நீதிபதிகள், மோட்டார் வாகனங்கள் அதைவிட அதிகமாகக் காற்றைக் கெடுக்கும்போது எல்லாரும் பட்டாசின் பின்னால் ஏன் ஓடுகிறீர்கள் என்று கேட்டார்கள். மோட்டார் வைத்திருப்பவன் வலியவன். மருந்து திணிப்பவன் எளியவன். எளியவன்மீது குற்றம் சுமத்துவது எக்காலத்திலும் சுலபம்.

அதனால் சிவகாசி குற்றமற்றது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. பேரியம் நச்சுப் பொருள். அதன் புகையை முதலில் சுவாசிப்பவன் டில்லிவாசி அல்லன், அதைக் கையால் அளைகிற தொழிலாளியே. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்டோர் கருகி மாண்டனர். 2021 பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் பலியாயினர். தடை வரும்போதெல்லாம் தொழிலாளியின் வயிற்றைக் காட்டி வாதாடுகிறவர்கள், வெடிவிபத்து நேரும்போது அதே தொழிலாளியின் உயிருக்காக அவ்வளவு உரக்கப் பேசுவதில்லை.

பணயப் புறாக்கள்

இனிப் படத்தின் முடிவுக்கு வருவோம். ராட்சஸப் பறவையைச் சிட்டியால் கூட எளிதில் வெல்ல முடியவில்லை. அப்போது விரல் அளவே உள்ள "குட்டி" இயந்திரங்கள், 3.0 என்ற பெயருடன், புறாக்களின்மீது ஏறிப் பறந்து வருகின்றன. நீ பணியாவிட்டால் இப்புறாக்கள் மடியும் என்று மிரட்டுகின்றன. பறவைகளை உயிரினும் மேலாக நேசித்த பட்சிராஜன் அங்கே தளர்ந்துபோகிறார். கொட்டகையில் குழந்தைகள் ஆரவாரித்தனர். மூன்றாம் பாகம் வரப்போகிறது என்ற நம்பிக்கையும் அந்தக் குட்டிகளாலேயே உண்டாயிற்று.

அவற்றின் வெற்றி எத்தகையது? நியாயத்தால் வந்ததா, ஆராய்ச்சியால் வந்ததா? இல்லை. எவற்றுக்காக வழக்கு நடந்ததோ அவற்றையே பணயமாக வைத்து அடைந்த வெற்றி அது. படம் முடியும் தறுவாயில் விஞ்ஞானி வசீகரன், பட்சிராஜனின் நோக்கம் சரியானதே என்று மந்திரியிடம் எடுத்துரைக்கிறார். இவ்வளவு போரும் நடந்து, தீர்வு ஒரு சிபாரிசோடு நின்றுவிட்டது. படம் பார்த்தவர்களுக்கு உண்டான மனக்குறையின் காரணம் இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது. சிவகாசித் தொழிலாளிக்கு இந்தப் புறாவின் நிலை நன்றாகவே தெரியும். ஒரு கட்சி அவனைக் காட்டித் தடையை எதிர்க்கிறது. மற்றொரு கட்சி அவனை மறந்து தடையைக் கேட்கிறது. அவன் முதுகின்மீது எவனோ ஏறியிருக்கிறான்.

மூன்றாம் பாகம் எப்படி இருக்க வேண்டும்?

ஆறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் மூன்றாம் படம் வரவில்லை. பெருஞ்செலவுப் படங்களின் வரவு செலவுக் கணக்கு எளிதன்று. 2019 செப்டம்பரில் சீனாவில் வெளியிட்டபோது எதிர்பார்த்த ஆதரவு கிட்டவில்லை. தொடர்ச்சிப் படம் எடுப்பதைக் குறை கூறுவது நம் கருத்தன்று. ஆனால் தொடர்ச்சி என்பது எதைத் தொடர்வது? பாத்திரத்தின் பெயரையா, முந்திய படம் எழுப்பிய கேள்வியையா?

உண்மை ஜப்பானிலிருந்து ஓர் உதாரணம் காட்டலாம். 1954 மார்ச்சில் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஜப்பானிய மீனவர்கள்மீது விழுந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே வந்தது "காட்ஜில்லா". அணுகுண்டின் கொடுமையே மிருகமாக உருவெடுத்து நகரை மிதிக்கும் கதை. பிறகு முப்பதுக்கு மேற்பட்ட படங்கள் வந்தன. இடையிலே அந்த மிருகம் குழந்தைகளின் விளையாட்டுத் தோழனாகவும் ஆகிவிட்டது. கேள்வி மறந்துபோயிற்று. 2023-ல் வந்த "காட்ஜில்லா மைனஸ் ஒன்" மறுபடியும் யுத்தத்தின் துயரத்துக்கே திரும்பியது. ஹாலிவுட் படங்களோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பமான செலவில் எடுக்கப்பட்ட அப்படம், 2024-ல் தந்திரக் காட்சிக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. பணத்தின் அளவு வேறு, படத்தின் அளவு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பட்சிராஜன் எழுப்பிய கேள்வி இதுதான்: ஒரு தொழிலின் தீங்கை நீக்க வேண்டும், அதில் பிழைக்கும் ஜனங்களும் வாழ வேண்டும், இதற்கு வழி என்ன? அடிதடி இதற்கு விடையாகாது. நாகபுரியிலுள்ள நீரி ஆராய்ச்சிக் கூடத்தின் விஞ்ஞானிகள் மருந்துக் கலவையை மாற்றி, தூசிப் புகையை ஏறத்தாழ 30 சதவிகிதம் குறைக்கும் பட்டாசுகளை அமைத்தார்கள். 2019-ல் அவை விற்பனைக்கு வந்தன. ஆலைகள் திறந்தது ஓரளவு இவ்வழியினாலேயே. அதுவும் பூரண விடையன்று. பேரியத்தையும் சரவெடியையும் அனுமதிக்க 2023 செப்டம்பரிலும் கோர்ட்டு மறுத்துவிட்டது. போராட்டம் இன்னும் முடியவில்லை. ஆனால் அது கோர்ட்டிலும், ஆராய்ச்சிக் கூடத்திலும், மருந்து அறையிலும் நடக்கும் போராட்டம். அதில் வில்லனும் இல்லை, மந்திர சக்தியும் இல்லை. பொறுமையும் ருசுவும் கூலி நியாயமுமே ஆயுதங்கள்.

அப்படிப்பட்ட கதையில் சுவை இராது என்று படத் தயாரிப்பாளர்கள் பயப்பட வேண்டாம். பட்சிராஜனுக்காக இரங்கிய ஜனங்கள் அதற்கும் இரங்குவார்கள். நேயர்களுக்கு நாம் சொல்வது ஒன்றுண்டு. மூன்றாம் படம் வரும்போது குட்டி எத்தனை சிறியது, பறவை எத்தனை பெரியது என்று மட்டும் பாராதீர்கள்; புறாவின் முதுகிலிருந்து யாராவது இறங்கினார்களா என்று பாருங்கள். சிவகாசியைப் பற்றி அடுத்த உத்தரவு வரும்போதும் அதே கேள்வியைக் கேளுங்கள்.