கடல் ஏறி இறங்க மாவு அரைபடும் ஆலை

மன்னாரில் கடலின் வற்றையும் பெருக்கையும் அறியாத தொழிலாளி இல்லை. ஆனால் எமது கரையில் நீர் மூன்றடி கூட ஏறுவதில்லை. இங்கிலாந்தின் கிழக்கே, வூட்பிரிட்ஜ் என்னும் ஊரின் ஆற்றுமுகத்தில் அது பல மடங்கு ஏறும். அந்த ஏற்றத்தைக் கொண்டு மாவரைக்கும் பழைய ஆலையொன்றை அண்மையில் நாம் பார்வையிட்டோம்.

பெருக்கின்போது கடல்நீர் கதவைத் தள்ளிக்கொண்டு குளத்துள் புகும். வற்றத் தொடங்கியதும் குளத்து நீரின் பாரமே கதவை மூடிவிடும். வெளியே நீர் நன்றாக இறங்கியபின் துருசைத் திறந்தால் சில்லுச் சுழலும், கல் அரைக்கும். வற்று நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துவதால், சில நாட்களில் ஆலைக்காரருக்கு நடுச்சாமத்தில்தான் வேலை!

1170இலேயே இங்கு ஆலை இருந்ததாகப் பதிவுண்டு. எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களைப் பறிக்கும்வரை அது அகுஸ்தினார் சபைத் துறவிகளிடம் இருந்தது. இன்றைய கட்டடம் 1793இல் எழுந்தது. 1957இல் மர அச்சு முறிய, ஆலை நின்றுபோயிற்று. 1968இல் ஜீன் காட்னர் என்ற பெண்மணி அதை ஏலத்தில் வாங்கினார். 1973இல் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். புதிய சில்லுப் பூட்டி மீண்டும் மாவரைத்தது 2012இல்தான்.

குளம் எங்கே என்று கேட்டோம். ஏழு ஏக்கர்ப் பழைய குளம் எப்போதோ உல்லாசப் படகுகளின் துறையாகிவிட்டதாம். ஆலைக்கென்று பக்கத்தில் சிறு குளமொன்று வெட்டியிருக்கிறார்கள். முன்போல நெடுநேரம் அரைக்க அந்த நீர் போதாது.

அந்தச் சிறு குளத்தருகே நின்றபோது எமது தென்கரை முள்ளிக்குளம் நினைவுக்கு வந்தது. 2007இல் வெளியேற்றப்பட்ட அவ்வூர் மக்கள் 2017இல் போராட்டம் இருந்தபோது வீட்டை மட்டும் கேட்கவில்லை. வயலையும் குளங்களையும் சேர்த்தே கேட்டார்கள்.