சுண்ணாம்பு காத்த இனிப்பு

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் செஞ்சியை நெருங்கினால் கண்ணை இழுப்பவை கோட்டை மலைகள்தாம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் வளைத்து ஓடும் மதிலுக்கு 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் கிடைத்துவிட்டது. அதே வட்டாரத்தின் ஏரிக்கரைகளில் வரிசை கட்டி நிற்கும் பனைகளை நின்று பார்ப்பவர்கள் குறைவு. கோடையில் அந்த மரங்களின் உச்சியில் தொங்கும் மண்கலயத்துக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால், ராஜகிரிக்கு ஏறுமுன் அங்கே கொஞ்சம் நின்றுவிடுவோம்.

பனை தன் பாளைக்குச் சர்க்கரை அனுப்புகிறது. பூவும் காயும் உருவாக அதுதான் எரிபொருள். இலைகளில் தயாராகும் சர்க்கரை, சல்லடைக் குழாய்கள் வழியே பயணிக்கிறது. துளையிட்ட தடுப்புகளோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயிரணுக்களால் ஆன நுண்குழாய்கள் அவை. இந்தப் பயணத்துக்கு விசை எங்கிருந்து வருகிறது? எர்ன்ஸ்ட் மூன்ஷ் என்ற ஜெர்மானியர் 1930-ல் விளக்கம் தந்தார். சர்க்கரை அடர்ந்த இடம் பக்கத்துத் திசுக்களிலிருந்து நீரை உறிஞ்சும். நீர் புகுந்ததும் குழாயில் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தமே பாகை, சர்க்கரை செலவாகும் இடத்தை நோக்கித் தள்ளும். பல தாவரங்களில் இந்த அழுத்தம் கார் டயரில் அடைத்த காற்றின் அழுத்தத்தைவிடச் சில மடங்கு அதிகம். இத்தனைக்கும் மோட்டாரும் இல்லை, அசையும் உறுப்பு ஒன்றும் இல்லை.

இதைவிட வியப்பு, அந்தக் குழாய்களின் வயது. மாமரமும் வேம்பும் ஆண்டுதோறும் பட்டைக்கடியில் புதிய குழாய்களை உருவாக்கிக்கொண்டே பருக்கின்றன. பனைக்கு அந்த வசதி கிடையாது. தண்டின் ஒரு பகுதி உருவானபோது அமைந்த குழாய்கள்தாம் அந்தப் பகுதிக்குக் கடைசிவரை. நூறு வயதுப் பனையின் அடித்தண்டில் சர்க்கரை கடத்தும் உயிரணுக்களுக்கும் கிட்டத்தட்ட நூறு வயது. நம் உடலின் சிவப்பணு நான்கு மாதம்தான் தாங்குகிறது.

பனை ஏறுபவர் இந்தக் குழாய்களின் நுனியைத் திறந்துவிடுகிறார். ஒரே வெட்டு போதாது. காயம் பட்டதும் மரம் புரதத்தாலும் கால்லோஸ் என்ற மாவுப்பசை போன்ற பொருளாலும் குழாய்வாயை அடைத்துவிடும். ஆகவே பாளையைச் சில நாட்கள் இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, பிறகு தினமும் காலையும் மாலையும் ஏறி, நுனியை மெல்லிய வில்லையாகச் சீவ வேண்டும். கனமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். சீவாமல் விட்டால் அடைப்பு விழும். இந்த அளவு கைப்பழக்கத்தில்தான் இருக்கிறது. அதைச் செய்துதரும் இயந்திரத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

சொட்டும் சாற்றில் சர்க்கரை சுமார் 12 சதவீதம். 200 மில்லி டம்ளருக்கு ஐந்தாறு தேக்கரண்டிச் சர்க்கரை. பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது நாம் கடையில் வாங்கும் வெள்ளைச் சர்க்கரையின் அதே மூலக்கூறு. இளஞ்சூடு, நீர், சர்க்கரை, கொஞ்சம் சத்துப்பொருள்கள்: நுண்ணுயிரிகளுக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடையாது. காற்றிலிருந்தும் பூச்சிகளின் காலிலிருந்தும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வந்து விழுகின்றன. அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் நுரைக்கத் தொடங்கும். அன்றைக்கே அது கள்.

கள்ளுக்கும் பதநீருக்கும் நடுவே நிற்பது, கலயத்தின் உட்பக்கம் விரலால் தடவிய சுண்ணாம்பு. தமிழ்நாட்டில் 1987 தொடக்கத்திலிருந்து கள்ளுக்குத் தடை இருப்பதால், அந்தப் பூச்சுதான் சட்டத்தின் எல்லைக்கோடும்கூட.

அது செய்யும் வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஒரு திரவம் புளிப்பா காரமா என்பதை அளக்கும் அளவுகோல் பிஎச். தூய நீருக்கு 7. ஒவ்வொரு படி ஏறும்போதும் காரத்தன்மை பத்து மடங்காகிறது. நீரில் சுண்ணாம்பு கரையும் மட்டும் கரைந்தால் பிஎச் 12.4 வரை போகும். ஈஸ்ட்டுக்குப் பிடித்ததோ 4, 5 என்ற புளிப்புப் பக்கம். சர்க்கரையை உடைக்க அது பயன்படுத்தும் இன்வர்டேஸ் என்ற நொதி, அதாவது வேதிவினையை முடுக்கும் புரதம், காரத்தில் செயலிழக்கிறது. நொதி முடங்கினால் சுக்ரோஸ் உடைவதில்லை. சுக்ரோஸ் உடையாவிட்டால் கருப்பட்டி இறுகும், கற்கண்டு விளையும். மேலே மரத்தில் தடவிய சுண்ணாம்பின் பலன், கீழே அடுப்படியில்தான் முழுதாகத் தெரியவரும்.

சுண்ணாம்பின் இன்னொரு நல்ல குணம், வேலை முடிந்ததும் விலகிக்கொள்வது. பதநீரில் கரைந்த சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் என்ற கரையாத வெள்ளைத் தூளாகிறது. கொஞ்ச நேரத்தில் அடியில் படிகிறது. தெளிவை இறுத்துப் பனையோலைப் பட்டையில் ஊற்றி, நுங்கையும் போட்டுத் தருவார்கள். செஞ்சிக் கோட்டைக்குள் நிற்கும் கல்யாண மகாலின் சுண்ணாம்புப் பூச்சு கல்லாக இறுகியதும் இதே வினையால்தான். பழைய தமிழகக் கொத்தர்கள் சுண்ணாம்புச் சாந்தில் வெல்லநீரும் கடுக்காய்ச் சாறும் சேர்ப்பார்கள். சர்க்கரை இருந்தால் நீரில் சுண்ணாம்பு அதிகம் கரையும், சாந்து நிதானமாக இறுகும். பனைக்காரர் இனிப்பைக் காக்கச் சுண்ணாம்பைச் சேர்த்தார். கொத்தர் சுண்ணாம்பைப் பதப்படுத்த இனிப்பைச் சேர்த்தார்.

அடுத்தது காய்ச்சுதல். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ எட்டு லிட்டர் பதநீர் வேண்டும். அதில் ஏழு லிட்டர் நீரை ஆவியாக விரட்ட வேண்டும். அடுப்பின் வெப்பத்தில் பாதி வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், வீட்டுக்கு வரும் 14.2 கிலோ எரிவாயு உருளை ஒன்று முழுதாக எரிந்தாலும் 18 கிலோ கருப்பட்டிதான் கிடைக்கும். பனை மட்டையும் காய்ந்த ஓலையும் விறகாகாமல் இந்தத் தொழில் கட்டுப்படியாகாது. பொங்கி வழியும் நேரத்தில், இடித்த ஆமணக்கு விதை கொஞ்சம் போடுவார்கள். அதன் எண்ணெய் நுரைக்குமிழின் மெல்லிய சவ்வில் பரவி அதை உடைத்துவிடும். நீர் குறையக் குறையக் கொதிநிலை ஏறி 118 டிகிரியைத் தொடும். வெப்பமானி தேவையில்லை, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலில் உருட்ட வந்தால் பதம். பிறகு கொட்டாங்கச்சியில் ஊற்றி ஆறவிடுவார்கள். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் கலந்து நிறமும் மணமும் தரும் வினையை 1912-ல் விவரித்தவர் பிரான்சின் லூயி கமீல் மயார். காரத்தன்மை இருந்தால் அந்த வினை வேகம் பிடிக்கும். கருப்பட்டியின் கருமைக்குச் சுண்ணாம்பும் ஒரு காரணம்.

பனங்கற்கண்டுக்கு வேண்டியது பொறுமை. பாகை 110 டிகிரி அளவிலேயே இறக்கி, உள்ளே நூல் கட்டிய கலத்தில் ஊற்றி, அசையாமல் நாற்பது நாளுக்குமேல் வைக்கிறார்கள். அந்தச் சூட்டில் நூறு கிராம் நீரில் 370 கிராமுக்குமேல் சர்க்கரை கரைந்திருக்கும். ஆறி 30 டிகிரிக்கு வந்தபின் அதே நீரால் சுமார் 220 கிராமைத்தான் தாங்க முடியும். மிச்சமுள்ள 150 கிராம் வெளியே வந்தாக வேண்டும். அது நூலின் சொரசொரப்பில் ஒட்டி, மூலக்கூறு மேல் மூலக்கூறாக அடுக்கிப் படிகமாகிறது. வேகமாக ஆற்றினால் எங்கும் பொடிப் படிகம். மெதுவாக ஆறினால் சில பெரிய கட்டிகள். ஈரானிலும் அசர்பைஜானிலும் தேநீரோடு சுவைக்கும் நபாத் என்ற கற்கண்டும் இதே வழியில் விளைவதுதான். அங்கே குங்குமப்பூ சேர்த்துப் பொன்னிறமாக்குவதும் உண்டு.

கற்கண்டை எடுத்தபின் கலத்தில் படிகமாகாத கூழ்ப்பாகு கொஞ்சம் தங்கும். மரத்திலேயே நுண்ணுயிரிகள் உடைத்துவிட்ட சுக்ரோஸ், குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் அதில் கிடக்கும். அவை சுக்ரோஸ் படிகம் வளர்வதையும் தடுக்கும். கலயத்தைத் தேய்த்துக் கழுவாமல், சுண்ணாம்பைச் சரியாகத் தடவாமல் கட்டியிருந்தால் கூழ் கூடும், கற்கண்டு குறையும்.