கதண்டுக் கடியும் குளவிக் கொட்டும்

கீழ்வேளூர்த் தாலுகாவில் பனையும் தென்னையும் மூங்கிற் புதரும் இல்லாத கிராமம் அரிது. வயல் வேலை சற்று ஓய்ந்திருக்கும் நாட்களில் கொல்லையைத் திருத்துதல், வேலி கட்டுதல், பனைமட்டை கழித்தல், கூரைக்குக் கீற்று மாற்றுதல், வாய்க்காற் கரையில் புதர் வெட்டுதல் முதலிய வேலைகள் நடைபெறுகின்றன. ஆட்கள் குளவி, கதண்டு, தேனீ ஆகியவற்றிடம் அகப்படுவது பெரும்பாலும் இவ்வேலைகளின்போதுதான். பெரும்பாலோர்க்கு அத்துன்பம் ஓரிரு நாள் வலியோடும் வீக்கத்தோடும் நீங்கிவிடும். ஆனால் ஒரே கொட்டில் மூர்ச்சையாகி அரைமணிக்குள் உயிர் துறப்பவரும் உண்டு. பல கொட்டுகள் பட்டும் எழுந்து நடமாடி, சில நாட்களுக்குப் பின் சிறுநீரகம் கெட்டு மாள்பவரும் உண்டு. இவை இரண்டும் வெவ்வேறு ஆபத்துக்கள். இவற்றைப் பிரித்தறிந்து உரிய காலத்தில் தக்கது செய்தால் பெரும்பாலான உயிர்களைக் காப்பாற்றலாம்.

கொட்டும் இனங்கள்

கதண்டு என்பது குளவி இனத்திற் பெரியது. கரிய உடலும் வயிற்றின் முற்பகுதியில் மஞ்சட் பட்டையும் உடையது. பனையின் மட்டைகளுக்கிடையிலும், மரப் பொந்துகளிலும், பாழடைந்த கட்டிடங்களிலும், சில வேளைகளில் மண்ணுக்குள்ளும் கூடு கட்டும். மரத்தை நாரைப்போல் மென்று காகிதம் போன்ற அடுக்குகளாக அக்கூட்டை அமைக்கிறது. கூடு அசைக்கப்பட்டால் நூற்றுக்கணக்கானவை ஒருங்கே வெளிப்படும். கொட்டிய பூச்சி வெளியிடும் ஒருவகை வாசனை மற்றவற்றையும் அவ்விடத்திற்கே அழைக்கிறது. ஆகையால் ஒரு கொட்டுப் பட்டவுடனே அவ்விடம் விட்டு அகலுதல் இன்றியமையாதது.

தேனீயின் கொடுக்கு முள்ளுடையது. அது தோலிற் சிக்கி, விஷப்பையோடு பிய்ந்து நின்றுவிடும்; தேனீயும் இறந்துபோகும். குளவியும் கதண்டும் கொடுக்கை இழப்பதில்லை. ஒன்றே பலமுறை கொட்டவல்லது. கொட்டுபவை யாவும் பெண் இனமே. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் குளவிக் கொட்டால் மாண்ட செய்திகள் பலமுறை வந்துள்ளன. அங்கே குளவி என்று சொல்லப்படுபவற்றுள் மலைத் தேனீயும் அடங்கும். பெயர் எதுவாயினும், தோலிற் கொடுக்கு நிற்கிறதா என்று பார்ப்பதே சிகிச்சைக்கு முதற்படி.

ஒவ்வாமையால் வரும் ஆபத்து

சிலருடைய உடல் முதன்முறை கொட்டுண்டபோது அவ்விஷத்தைப் பகையெனக் கொண்டு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. அப்பொழுது சாதாரண வீக்கமே காணும். பின்னர் மறுமுறை கொட்டுண்டால், அப்பொருளின் தூண்டுதலால் உடலில் ஹிஸ்டமின் முதலியவை ஒரே சமயத்தில் பெருகி வெளிப்படும். இரத்தக் குழாய்கள் தளர்ந்து இரத்த அழுத்தம் தாழும், மூச்சுக் குழல் சுருங்கும், தொண்டை வீங்கும். சென்ற முறை ஒன்றும் நேரவில்லையே என்று இம்முறை அலட்சியம் செய்வது இதனாலேயே தவறு. பிரான்சு தேசத்துச் சார்லஸ் ரிஷே, பால் போர்த்தியே என்னும் இருவர், கடல்வாழ் பிராணிகளின் விஷத்தை நாய்களுக்குச் செலுத்திச் சோதித்து, 1902-ஆம் ஆண்டில் இந்நிலைக்கு அனாபிலாக்ஸிஸ் என்று பெயரிட்டார்கள். இதற்காக ரிஷேவுக்கு 1913-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இதன் குறிகள்: கொட்டுண்ட இடத்திலன்றி உடல் முழுவதும் தடிப்பும் அரிப்பும், உதடு, நாக்கு, கண்ணிமை வீங்குதல், குரல் கம்முதல், மூச்சுத் திணறலும் இழுப்பும், வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றலும் மயக்கமும். இவை சில நிமிஷங்களிலேயே தோன்றக்கூடும். தடிப்பு இல்லாமலே மயக்கம் வருவதும் உண்டு.

பல கொட்டுகளால் வரும் ஆபத்து

ஒவ்வாமை இல்லாதவர்க்கும் விஷத்தின் அளவு மிகுந்தால் கேடு உண்டு. அது தசைகளையும் இரத்தத்தின் சிவப்பணுக்களையும் அழிக்க, அவற்றின் கழிவு சிறுநீரகத்தை அடைத்துக் கெடுக்கும். சிறுநீர் குறைதலும், தேயிலைக் கஷாயம் போலக் கறுத்துப் போதலும் இதன் அடையாளங்கள். சீனாவின் ஷான்சி மாகாணத்தில் 2013-ஆம் ஆண்டில் பெருங்கதண்டுகளின் தாக்குதலால் 40 பேருக்கு மேல் மாண்டனர். 1,500 பேருக்கு மேல் காயமுற்றனர். அவர்களுட் பலர்க்குச் சிறுநீரகமே கெட்டது. ஆகவே பத்துக்கு மேற்பட்ட கொட்டுகள் பட்டவர், உடல் நலமாகத் தோன்றினாலும், அன்றே ஆஸ்பத்திரி சேர்ந்து இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கப்பெற வேண்டும். குழந்தைகளுக்கு இதனினும் குறைந்த எண்ணிக்கையே போதும்.

உடனே செய்ய வேண்டியவை

1. துண்டால் முகத்தையும் தலையையும் மூடிக்கொண்டு விரைந்து அகன்று, வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ புகுந்து கதவை அடைக்க வேண்டும். கையை வீசி விரட்டினால் அவை மேலும் வெகுளும். குளத்திற் குதிப்பது பயனற்றது. தலையெடுக்கும்போது மீண்டும் கொட்டும்.

2. கொடுக்கு நின்றிருந்தால் நகத்தாலோ வேறெதனாலோ உடனே நீக்க வேண்டும். விதத்தைவிட விரைவே முக்கியம்.

3. சோப்பும் நீரும் கொண்டு கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைக்க வேண்டும். விரல் வீங்குமுன் மோதிரத்தையும், கை வீங்குமுன் வளையலையும் கழற்றுதல் நலம்.

4. மேற்சொன்ன ஒவ்வாமைக் குறிகளில் ஏதேனும் தோன்றினால் 108 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். நோயாளியை மல்லாக்கக் கிடத்திக் கால்களைச் சற்று உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறுபவரைச் சாய்ந்து உட்காரவைக்கலாம். கர்ப்பவதியை இடப்புறமாகச் சாய்த்துக் கிடத்துக. எழுப்பி நடத்தலாகாது, இரத்த அழுத்தம் தாழ்ந்தவர் திடீரென நிற்பதாலேயே மாண்டதுண்டு.

5. இந்நிலைக்குரிய மருந்து அட்ரினலின் ஒன்றே. வைத்தியர் அதைத் தொடையின் வெளிப்புறத் தசையில் ஊசி மூலம் செலுத்துவார். தேவையானால் ஐந்து நிமிஷங்களுக்குப் பின் மறுபடியும் செலுத்துவார். அரிப்புக்குரிய மாத்திரை தடிப்பைத் தணிக்குமேயன்றி மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் காக்காது. இரத்த அழுத்தத்துக்கோ இருதயத்துக்கோ மருந்து உண்பவர் அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தணிந்த குறிகள் சில மணி நேரத்தில் திரும்ப வரக்கூடுமாதலால் ஆஸ்பத்திரியில் தங்கியிருத்தல் அவசியம்.

செய்யத்தகாதவை

சுண்ணாம்பு, வெங்காயச் சாறு, மண்ணெண்ணெய் முதலியவற்றைத் தடவும் வழக்கம் பரவியிருக்கிறது. விஷம் தோலுக்கடியில் இறங்கிவிடுவதால் மேற்பூச்சு அதை முறிப்பதில்லை. சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கவும் கூடும். கொட்டுவாயைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கட்டுப் போடுவதும் கூடா. இவற்றிலும் பெருங்கேடு, மந்திரிப்பவரைத் தேடி அலைவதிற் கழியும் அரைமணி நேரமே.

கூட்டை அகற்றுதல்

பனையேறும் ஆளிடம் தீப்பந்தத்தைக் கொடுத்துக் கூட்டைக் கொளுத்தச் சொல்வது அவ்வாளின் உயிரைப் பணயம் வைப்பதாகும். உயரத்திற் கொட்டுண்டவர் விஷத்தால் மாளாவிடினும் விழுந்து மாளக்கூடும். கீற்றுக் கூரைகளிலும் வைக்கோற்போரிலும் தீப்பற்றும். தீயணைப்பு நிலையத்தாருக்கு 101 என்ற எண்ணில் அறிவித்தால், தக்க உடையணிந்து வந்து அகற்றுவார்கள். அவர்கள் வரும்வரை மரத்தடியில் வேலையும், மாடு கட்டுதலும், சிறுவர் விளையாட்டும் நிறுத்தப்பெற வேண்டும்.

எல்லாக் குளவியையும் அழிக்க வேண்டுவதில்லை. குளவிகள் புழுக்களைப் பிடித்துத் தம் குஞ்சுகளுக்கு இரையாக்குகின்றன. நெல்லின் குருத்துப்பூச்சி முட்டைகளை அழிக்க வயல்களில் விடப்பெறும் டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணியும் குளவி இனத்தைச் சேர்ந்ததே. கண்ணுக்கு எளிதிற் புலப்படாத அது மனிதரைக் கொட்டுவதில்லை. ஆட்கள் நடமாடாத இடத்துக் கூட்டை விட்டுவைப்பதால் நஷ்டமில்லை.

நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியவை

வேலை தொடங்குமுன் மரத்தையும் புதரையும் தொலைவிலிருந்து சுற்றிப் பார்த்து, பூச்சிகள் போய்வரும் வழி உண்டா என்று அறிதல் நிலமுடையவரின் பொறுப்பு. கண்டும் சொல்லாமல் ஆளை ஏற்றுதல் அநீதி. முன் ஒருமுறை கொட்டுண்டு உடல் முழுதும் தடித்தவர் அல்லது மயங்கியவர் யாரென்று விசாரித்து, அவரை இவ்வேலைக்கு அனுப்பாதிருக்க வேண்டும். முழுக்கைச் சட்டையும் தலைக்கட்டும் வெளிர் நிறமாயிருத்தல் நன்று. தனி ஆளாக ஒருவரையும் அனுப்பலாகாது.

கிராம நிர்வாக அதிகாரியும் பஞ்சாயத்தாரும் பள்ளிக்கூடம், கோயில், சுடுகாட்டுப் பாதை, வாய்க்காற் கரை ஆகிய பொது இடங்களிலுள்ள கூடுகளைக் கணக்கெடுத்துத் தீயணைப்பு நிலையத்துக்கு அறிவித்தல் வேண்டும். கூட்டாக வாய்க்கால் தூர்வாரும் நாளில் ஒரு வண்டியைத் தயாராக நிறுத்துக. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்ரினலின் இருப்பிலுள்ளதா, இரவில் டாக்டர் உண்டா என்பவற்றை முன்னதாகவே கேட்டறிந்து, 108, 101 என்னும் எண்களோடு சாவடியிலும் கடைத்தெருவிலும் எழுதி ஒட்டுக. பல கொட்டுகள் பட்டவரை நாகப்பட்டினத்துக்கோ திருவாரூருக்கோ, அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வது உத்தமம். பூச்சி கொட்டிய பின் வழி தேடினால் நேரம் போதாது. வழியை முன்னரே அறிந்து வைத்த கிராமத்தில் அந்த அரைமணியே ஓர் உயிரைக் காக்கப் போதுமானது.