கோடு போடுமுன் ஒரு நிமிஷம்!



வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கும் சகோதரிகளுக்காகவே இந்தக் கடிதம். துணியில் டிசைன் வரைய 'தானாக அழியும் பேனா', 'தண்ணீரில் அழியும் பேனா', 'அயர்ன் பண்ணினால் அழியும் பேனா' என்று விதவிதமாக இப்போது விற்கிறார்கள். "எல்லாம் அழியத்தானே போகுது, எதை வாங்கினா என்னக்கா?" என்று என்னிடம் தையல் பழக வரும் பெண்கள் கேட்கிறார்கள். வினையே அங்கேதான் இருக்கிறது. எல்லாம் அழியும். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக அழியும். ஒன்றை அழிக்கிற வழி இன்னொன்றை நிரந்தரமாக்கிவிடும்!

சாதாரண ஜாக்கெட் என்றால் கோடு உள்பக்கம் போய்விடும். எம்ப்ராய்டரிக்கும், 'குவில்ட்' எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வைக்கும் அப்படி இல்லை. மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி என மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட வேண்டும். கோடு மேல்பக்கம்தான் விழும். அது போகாவிட்டால் வேலை முழுவதும் பாழ்.

எங்கள் தெருவில் ஒரு சகோதரி, குழந்தைப் போர்வைக்கு ஆர்டர் எடுத்தார். வெள்ளைக் காட்டன் துணி. நீலப் பேனாவால் வரைந்து, அழகாகத் தைத்து, 'பாக்க எடுப்பா இருக்கட்டும்' என்று கடைசியில் ஓர் அயர்ன். அவ்வளவுதான், நீலக் கோடு பழுப்புக் கோடாகிவிட்டது. எத்தனை அலசியும் போகவில்லை. கூலியும் போய், துணிக் காசையும் கையிலிருந்து கொடுத்தார். கடைத்துணியாவது மறுபடி வாங்கலாம். இறந்துபோன அம்மாவின் சேலையை வெட்டிப் போர்வை தைத்துத் தரச் சொல்லி வருகிறார்களே, அந்தத் துணிக்கு எங்கே போவது?

ஆகவே, ஒவ்வொரு பேனாவின் குணத்தையும் தெரிந்து கொள்வோம்.

தண்ணீரில் அழியும் பேனா: பெரும்பாலும் நீல நிறம். துவைக்கக்கூடிய வெளிர் நிறக் காட்டனுக்கு இதுவே நல்லது. நாள் கணக்கில் நிற்கும் என்பதால் நிதானமாகக் கையால் தைக்கலாம். மூன்று விஷயம் மட்டும் மறக்கவே கூடாது. கோடு இருக்கும்போது அயர்ன் கூடாது. வெயிலில் போடக் கூடாது. முதல் அலசலில் சோப்பு கூடாது. வெறும் பச்சைத் தண்ணீர்தான். நம்மூர் சித்திரை வெயிலில் மத்தியானம் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்குமே, அதில் முக்கினால் சூடு பட்டுக் கோடு பிடித்துக்கொள்ளும். விடியக்காலையில் பிடித்துவைத்த தண்ணீரே நல்லது.

இன்னொன்று. ஈரத் துணியால் கோட்டை மட்டும் ஒற்றி எடுக்காதீர்கள். மை உள்ளே பஞ்சுக்குள் இறங்கிவிடும். காயும்போது ஈரத்தோடு மறுபடி மேலே ஏறி வரும். "போன கோடு திரும்ப வந்துட்டே மைனி!" என்பார்கள். போர்வை முழுவதையும் தண்ணீரில் அமிழ்த்தி, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசினால் வராது.

தானாக அழியும் பேனா: பெரும்பாலும் ஊதா நிறம். ஒன்றிரண்டு நாளில், சில சமயம் சில மணி நேரத்திலேயே மறைந்துவிடும். இது மாயம் இல்லை. மஞ்சள் கறையில் சோப்புப் போட்டால் சிவப்பாகிறது, நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகிறது பார்த்திருக்கிறோம் அல்லவா? காரம் பட்டால் ஒரு நிறம், காரம் போனால் வேறு நிறம். இந்த வகை மைகள் பலவும் அப்படித்தான். காற்றிலுள்ள கரியமில வாயுவும் ஈரமும் சேர்ந்து மையிலுள்ள காரத்தைப் போக்கிவிடும், நிறமும் மறையும். அதனால்தான் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் சீக்கிரம் மறைகிறது. சாயங்காலம் வரைந்தால் காலையில் காணாது! கண்ணுக்கு மறைந்தாலும் மை துணியில்தான் இருக்கிறது. காரச் சோப்பு பட்டால் மறுபடி தலைகாட்டலாம். ஆகவே மறைந்த பிறகும் பச்சைத் தண்ணீரில் ஒரு தடவை அலசிவிடுங்கள். அன்றன்றைக்கு முடிகிற சின்ன வேலைக்குத்தான் இந்தப் பேனா. ஒரு மாதம் பிடிக்கிற போர்வைக்கு ஆகாது.

சூட்டில் அழியும் பேனா: ஜப்பானின் பைலட் கம்பெனி 2006-இல் ஐரோப்பாவில் 'ஃப்ரிக்ஷன்' என்று ஒரு பேனாவைக் கொண்டு வந்தது. தேய்க்கிற சூட்டில், சுமார் 60 டிகிரியில் எழுத்து மறைந்துவிடும். காகிதத்தில் எழுத வந்த பேனா அது. தையல்காரர்கள் அதைத் துணிக்கும் எடுத்துக்கொண்டார்கள். இப்போது அதே மாதிரி ரீஃபில்கள் பல பெயர்களில் கிடைக்கின்றன. அயர்ன் வைத்தவுடன் 'சட்'டென்று மறைவதைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். ஆனால் இங்கும் நிறம்தான் போகிறது, மை போவதில்லை. உறைநிலைக்கும் கீழே பத்து இருபது டிகிரி குளிர்ந்தால் கோடு திரும்ப வரும். கனடாவில் இருக்கும் பேத்திக்கு நாம் தைத்து அனுப்புகிற போர்வை அந்த ஊர்க் குளிரில் ஒரு ராத்திரி கிடந்தால் கோடெல்லாம் எழுந்து நிற்கும்! கறுப்பு, மெரூன் போன்ற அடர் நிறத்தில் வெள்ளைத் தடமாகவும் தங்கிவிடுவதுண்டு. தையலுக்குள்ளே மறைந்துபோகும் வெட்டுக் கோட்டுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். மேல்பக்கம் வேண்டாம்.

பால்பாயிண்ட் பேனாவும் ஆபீஸ் கார்பன் பேப்பரும் துணிப் பக்கமே வரக்கூடாது. எண்ணெய்ப் பசை உள்ள மை, லேசில் போகாது.

பேனாவே வேண்டாம் என்பவர்களுக்குப் பழைய வழிகள் இருக்கின்றன. தேய்ந்துபோன சோப்புச் சில்லு அடர் நிறக் காட்டனில் பளிச்சென்று கோடு போடும், துவைத்தால் போய்விடும், காசும் இல்லை. நேர்கோட்டுக்கு மாஸ்கிங் டேப்பை ஒட்டி, ஓரமாகத் தைத்து, அன்றைக்கே உரித்துவிடலாம். தண்ணீர் படக்கூடாத பட்டுக்கு, மெல்லிய காகிதத்தில் டிசைன் வரைந்து மேலே வைத்து, வேறு நிற நூலை நீளநீளமாக ஓட்டிவிட்டுக் காகிதத்தைக் கிழித்துவிடலாம். வேலை முடிந்ததும் நூலை உருவினால் தடமே இருக்காது.

ஆரி வேலைக்காரர்கள் பட்டர் பேப்பரில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்தி, பொடியைத் தேய்த்து இறக்குகிறார்கள். குத்திய காகிதம் நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1844-இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்த எலைசா அம்மையார் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். திண்டின் மேல் லேஸ் பின்னுவதற்கும் துளை குத்திய மாதிரித்தாள்தான் வழிகாட்டி. அடையாளம் எல்லாம் தாளிலேயே நின்றுவிடும், நூலில் கறை படாது.

எந்தப் பேனா வாங்கினாலும் அதே துணியில் ஒரு துண்டு வெட்டிச் சோதித்துவிடுங்கள். கஞ்சி போக அலசிக் காயவைத்து, நான்கு கோடு போடுங்கள். துண்டை நாலாக வெட்டி, ஒன்றைப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். ஒன்றைச் சோப்பில் போடுங்கள். ஒன்றை அயர்ன் பண்ணி, பிறகு ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வையுங்கள். நாலாவதை நீங்கள் வேலை முடிக்க எத்தனை நாள் ஆகுமோ அத்தனை நாள் சும்மா வைத்திருந்து அலசுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு வெளிச்சத்தில் பாருங்கள். ஈரத்தில் பார்த்து ஏமாறக்கூடாது. பேனா மாறினாலும் துணி மாறினாலும் மறுபடி சோதனைதான்.

துணியை வாங்குகிறவரிடமும் "இதை எப்படித் துவைப்பீங்க? எந்த ஊருக்குப் போகுது?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பேனா என்று அதிலேயே பாதி முடிவாகிவிடும். எப்படிப் போகும் என்று தெரியாத கோட்டை அடுத்தவர் துணியில் போடலாமா, சொல்லுங்கள்? வீட்டிலிருந்து நாலு காசு பார்க்கும் நமக்குப் பெயர்தானே முதல்!

இதைவிட நல்ல வழி தெரிந்த சகோதரிகள் அவசியம் எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, பாளையங்கோட்டை.