தாம்பரமும் பொதுத் தோட்டங்களும்

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்னும் ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்னும் ஐந்து பேரூராட்சிகளும் 2021-ம் வருஷத்தில் ஒன்று சேர்க்கப்பட்டுத் தாம்பரம் மாநகராட்சி ஏற்பட்டது. ஒரு ஸ்தல ஸ்தாபனம் பெரிதானவுடன் ஜனங்களின் கோரிக்கைகளும் பெரிதாவது இயல்பே. ரஸ்தா வேண்டும், சாக்கடை வேண்டும், குடிதண்ணீர் வேண்டும் என்ற பழைய முறையீடுகளோடு, எங்கள் பேட்டைக்கு ஒரு பூங்கா வேண்டும் என்ற முறையீடும் இப்பொழுது சேர்ந்திருக்கிறது. இக்கோரிக்கை நியாயமானது; நாம் இதை மனப்பூர்வமாக ஆதரிக்கிறோம். ஆயினும், ஊஞ்சல் எத்தனை, நீரூற்று எங்கே, வர்ண விளக்கு எவ்வளவு என்ற பேச்சுக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றிருக்கிறது. பொதுஜனங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம் எது? அது எங்கே இருக்கிறது? இன்று அது யார் கையில் இருக்கிறது? இக்கேள்விக்கு விடை தெரியாத ஊரில் எத்தனை பூச்செடி வைத்தாலும் அவை இரவல் நிலத்தில் வைத்த செடிகளே ஆகும்.

தாம்பரம் ஒரு காலத்தில் காற்றுக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதை இன்று அங்கே வசிப்பவர்களிலேயே பலர் மறந்திருக்கக் கூடும். இங்கிலாந்தில் திறந்தவெளிச் சிகிச்சை முறையைக் கையாண்டு பெயரெடுத்த டாக்டர் சௌரிமுத்து, 1928-ம் வருஷத்தில் தமது காசநோய் ஆஸ்பத்திரியை ஸ்தாபிப்பதற்குத் தேர்ந்துகொண்ட இடம் தாம்பரமே. மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படாத அந்நாளில் நல்ல காற்றும், வெளிச்சமும், மரநிழலும், ஓய்வுமே நோயாளிக்கு ஔஷதமாக இருந்தன. இன்றும் ரயில் நிலையம் ஒன்று ‘சானடோரியம்’ என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்தில் 360 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டுநிலத்தில் குடியேறியது. நெரிசலினின்றும் தப்பவே இவர்களெல்லாரும் தெற்கு நோக்கி வந்தார்கள். இப்பொழுது நெரிசலே அவர்களைப் பின்தொடர்ந்து வந்து சேர்ந்துவிட்டது. கல்லூரியின் காடு கல்லூரிக்கு உரியது. விமானப்படையின் வெளி விமானப்படைக்கு உரியது. சாதாரணக் குடும்பஸ்தன் மாலையில் தன் குழந்தையைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல அவனுக்கென்று உரிய வெளி எவ்வளவு என்பதே கேள்வி.

பொதுத் தோட்டம் எவ்வாறு உண்டாகிறது, எவ்வாறு மறைகிறது என்பதற்கு நம் தலைநகரத்திலேயே தக்க உதாரணம் இருக்கிறது. 1859-ம் வருஷத்தில் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவிலியன், இன்று சென்ட்ரல் ஸ்டேஷன் இருக்கும் இடத்துக்கு அருகில் 116 ஏக்கர் பரப்பில் ‘பீப்பிள்ஸ் பார்க்’ என்னும் மக்கள் தோட்டத்தை அமைக்க வழிசெய்தார். குளங்களும், வண்டிப் பாதைகளும், வாத்திய மேடையும் அமைந்த பெருந்தோட்டம் அது. சில ஆண்டுகளில் மிருகக்காட்சிசாலையும் அங்கே வந்து சேர்ந்தது.

பின்னர் நடந்ததைக் கவனிக்க வேண்டும். அத்தோட்டத்தை எந்தக் கொள்ளைக்காரனும் ஒரே இரவில் அபகரித்துவிடவில்லை. நகரத்துக்கு ஒரு மண்டபம் வேண்டுமென்றார்கள். 1880-க்களில் விக்டோரியா பப்ளிக் ஹால் எழுந்தது. நல்ல மார்க்கெட் வேண்டுமென்றார்கள். 1900-ல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. நகரசபைக்கு ஒரு மாளிகை வேண்டுமென்றார்கள்; 1913-ல் ரிப்பன் கட்டடம் திறக்கப்பட்டது. பின்னர் விளையாட்டரங்கம் வந்தது. 1985-ல் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. அந்த இடத்தில் ரயில்வேயின் பெரிய கட்டடம் எழும்பியது. ஒவ்வொரு காரியமும் நல்ல காரியமே. ஒவ்வொன்றுக்கும் தக்க நியாயமும் இருந்தது. ஆனால் எல்லா நியாயங்களையும் கூட்டிப் பார்த்தால், மக்களுக்கென்று வைத்த 116 ஏக்கரில் தோட்டமாக மிஞ்சியது ‘மை லேடீஸ் கார்டன்’ என்ற ஒரு துண்டு மாத்திரமே.

அங்கிருந்த மிருகங்களின் கதியோ வேறு. அவை அதே 1985-ல் தாம்பரத்துக்குத் தெற்கே சில மைல் தூரத்திலுள்ள வண்டலூருக்குக் கொண்டுவரப்பட்டன. இன்று அந்தக் காட்சிசாலையின் பரப்பு 602 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 1,490 ஏக்கர். புலிக்கும் மானுக்கும் இடம் போதவில்லை என்பதை உணர்ந்து பழைய இடத்தைப்போல் பன்மடங்கு இடம் கொடுத்தோம். அது சரியான காரியந்தான். ஆனால் அந்தத் தோட்டத்தில் உலாவிவந்த மனிதனுக்கு அதற்கு ஈடாக யாராவது இடம் கொடுத்தார்களா? மக்கள் தோட்டத்திலிருந்து மிருகங்கள் குடிபெயர்ந்தன. மக்கள் வெறுங்கையோடு நின்றார்கள்.

அதே 1859-ம் வருஷத்தில் சிங்கப்பூரில், தாங்ளின் என்னும் இடத்தில், ஒரு தோட்டம் தொடங்கப்பட்டது. இரண்டும் ஒரே வயதின. இரண்டையும் ஒரே சாம்ராஜ்யத்தின் காலத்தில்தான் தொடங்கினார்கள். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டம் இன்று 82 ஹெக்டேராக விரிந்திருக்கிறது. 2015-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் அதை உலக மரபுச் செல்வமாக அங்கீகரித்தது. ஆர்க்கிட் மலர்ப் பகுதி ஒன்றைத் தவிர மற்ற இடங்களுக்குக் கட்டணமில்லை. அங்கே நிலம் மலிவென்று யாரும் சொல்ல முடியாது. நம்மைக் காட்டிலும் அவர்களுக்கு நிலப்பஞ்சம் அதிகம். நிலப்பஞ்சமுள்ள தேசம் தோட்டத்தைப் பெருக்கியது. நிலம் பரந்துகிடந்த தேசம் தோட்டத்தை இழந்தது. இதற்குக் காரணம் வறுமை அல்ல, அசட்டையே.

இனித் தாம்பரத்துக்கு வருவோம். நம் கையில் சட்டம் இல்லையென்று சொல்வதற்கில்லை. மக்கள் தோட்டம் தோன்றிச் சரியாக நூறு வருஷங்கள் கழித்து, 1959-ல், பூங்காக்களையும் விளையாட்டு மைதானங்களையும் திறந்த வெளிகளையும் பாதுகாப்பதற்கென்றே நமது ராஜ்யத்தில் ஒரு சட்டம் செய்யப்பட்டது. ஸ்தல ஸ்தாபனம் தன் எல்லைக்குள் உள்ள இத்தகைய இடங்கள் அனைத்துக்கும் ஜாபிதாவும் படமும் தயாரிக்க வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. இதைத் தவிர, வீட்டுமனை அபிவிருத்தி விதிகளும் இருக்கின்றன. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிப்பவர், ரஸ்தாக்கள் நீங்கலாக எஞ்சியதில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரையில் நிலத்துக்குப் பதிலாகப் பணம் கட்ட இடமுண்டு. அதற்கு மேற்பட்டால் நிலத்தையே தானப் பத்திரம் எழுதி ரிஜிஸ்தர் செய்து ஸ்தல ஸ்தாபனத்தினிடம் ஒப்புவிக்க வேண்டும்.

கடந்த பல வருஷங்களில் தென்புறத்தில் எத்தனை வயல்களும் தோப்புகளும் மனைகளாயின என்பதை எண்ணிப் பாருங்கள். விதிக்குட்பட்ட ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு பொதுஜனங்களுக்குச் சேர்ந்திருக்க வேண்டும். மனை வாங்கியவர் ஒவ்வொருவரும் அந்தப் பங்குக்கும் சேர்த்தே விலை கொடுத்திருக்கிறார். எனவே, பூங்கா கேட்பவர் சர்க்காரிடம் யாசகம் கேட்கவில்லை. தமக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட சொத்தைக் காட்டும்படி கேட்கிறார். பத்து ஸ்தாபனங்கள் ஒன்றானபோது பத்து அலுவலகங்களின் தானப் பத்திரங்களும் ஓரிடத்தில் சேர்ந்திருக்க வேண்டுமல்லவா? அவற்றை ஒழுங்கு செய்து, சர்வே நம்பருடனும் விஸ்தீரணத்துடனும் ஜாபிதாவாக வெளியிட்டு, ஒவ்வொரு வட்டத்திலும் பொதுஜனங்கள் பார்வைக்கு வைப்பதே மாநகராட்சியின் முதல் கடமை. வேலி இரண்டாவது, செடி மூன்றாவது.

பூங்காவென்று வரைபடத்தில் குறித்த இடத்தை அதிகாரிகள் வேறு காரியத்துக்குக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்கலாம். பெங்களூரில் அப்படியே நடந்தது. பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் ஒன்று தனியார் ஆஸ்பத்திரி கட்டுவதற்காகக் கொடுக்கப்பட்டது. அப்பேட்டைவாசிகள் வழக்குத் தொடுத்தார்கள். ஆஸ்பத்திரியும் ஜனோபகாரமான காரியந்தானே என்று எதிர்த்தரப்பில் வாதாடினார்கள். 1991-ல் சுப்ரீம் கோர்ட்டு பேட்டைவாசிகளின் பக்கமே தீர்ப்பளித்தது. பூங்கா என்பது நகரத்தின் ஆரோக்கியத்துக்கு இன்றியமையாதது. அதை ஒரு தனி நபரின் அல்லது சிலரின் லாபத்துக்காக மாற்ற அதிகாரிகளுக்கு உரிமையில்லை. அங்கே வசிப்பவர்கள் வழக்குத் தொடுக்க உரிமையுள்ளவர்கள் என்பதே அதன் சாரம். மக்கள் தோட்டம் கரைந்தபோது இல்லாத இந்த ஆயுதம் இன்று நம்மிடம் இருக்கிறது. ஆனால் ஆயுதம் தானாகப் போர் செய்யாது.

“சாக்கடைக்கே பணமில்லை, தோட்டம் என்ன கேடு?” என்பது இன்னோர் ஆக்ஷேபணை. இவ்வாறு கேட்பவர்கள் 2015-ம் வருஷத்து டிசம்பரை மறந்துவிட்டார்கள். அம்மாதம் 2-ம் தேதி காலையோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கின. கூரைக்குமேல் கூரையும் சிமெண்டுத் தரையுமாக ஊர் மூடிக்கிடந்தால் பெய்த நீர் எங்கே போகும்? திறந்த மண் ஒவ்வொரு ஏக்கரும் நீரை உறிஞ்சி நிலத்தடிக்கு அனுப்புகிறது. கோடையில் அதே நீர் கிணற்றில் ஊறுகிறது. ஆகவே தோட்டமும் சாக்கடையும் பகையாளிகள் அல்ல. நல்ல தோட்டம் சாக்கடையின் சுமையைக் குறைக்கிறது. பூங்கா என்ற பெயரில் தரை முழுதும் கல் பாவி மூடுவது எவ்வளவு அறியாமை என்பதும் இதனால் விளங்கும்.

தோட்டத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பற்றியும் சில வார்த்தை சொல்ல விரும்புகிறோம். முதலாவது நிழல். சித்திரை வெயிலில் புல்தரைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பதைவிட, வேம்பு, புன்னை, மகிழ், பூவரசு, நாவல் முதலிய நம் மண்ணின் மரங்களை வளர்ப்பது செலவில் குறைவு, பயனில் அதிகம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது, பூவின் அழகுக்காக வைத்த குல்மொஹர் முதலிய அயல்நாட்டு மரங்கள் திரளாக வீழ்ந்ததைக் கண்கூடாகக் கண்டோம். இரண்டாவது, குடிதண்ணீரும் சுத்தமான கழிப்பிடமும். இவையில்லாத தோட்டத்துக்கு ஸ்திரீகளும் முதியோரும் அரைமணிக்குமேல் தங்க வரமாட்டார்கள். மூன்றாவது, சாய்ந்து உட்காரத்தக்க ஆசனங்களும், இருட்டு மூலையில்லாதபடி விளக்கும். நான்காவது, பையன்களும் பெண்களும் சடுகுடு ஆடவும் பந்தடிக்கவும் வெறும் மண் தரை. சிறு குழந்தைகளுக்கு மணல் பரப்பிய இடத்தில் ஊஞ்சல். ஐந்தாவது, தினசரிகள் கிடைக்கும் ஒரு சிறு வாசகசாலை. இவ்வளவும் அமைந்தால் அதுவே போதிய பூங்கா. இவற்றைக் கவனித்துவர நிரந்தரமான தோட்டக்காரன் ஒருவனை நியமிக்காமல் திறப்பு விழா மாத்திரம் நடத்துவது விரயம்.

கட்டணம் வைக்கும் வழக்கத்தை நாம் பலமாக ஆக்ஷேபிக்கிறோம். 2024-ல் சென்னையில் கதீட்ரல் ரோட்டில், தனியார் வசமிருந்து மீட்ட நிலத்தில், நூற்றாண்டுப் பூங்கா ஒன்று பெருஞ்செலவில் திறக்கப்பட்டது. மீட்டது பாராட்டத்தக்க செயல். ஆனால் நுழைவுச் சீட்டு பெரியவர்களுக்கு 100 ரூபாய், சிறுவர்களுக்கு 50 ரூபாய் என்று வைத்தார்கள். கணவன், மனைவி, இரு குழந்தைகள் உள்ளே செல்ல 300 ரூபாய் வேண்டும். கூலிக்காரன் தினந்தோறும் கொடுக்கக்கூடிய தொகையா இது? வருஷத்துக்கொருமுறை பார்க்கும் காட்சிசாலைக்குக் கட்டணம் பொருந்தலாம். தினந்தோறும் மூச்சுவிடும் இடத்துக்குப் பொருந்தாது. பழைய நாளில் காவிரிப்பூம்பட்டினத்தில் அரசன் பரிவாரத்துக்கென்றே இலவந்திகைச் சோலை தனியாக இருந்ததை மணிமேகலையில் காண்கிறோம். குடியரசில் அரசன் இல்லை. ஆகவே காசுள்ளவனுக்கென்று ஒரு சோலையும் இருத்தலாகாது. ஜாதி கேளாமல், அந்தஸ்து கேளாமல் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்காரும் இடம் நம் ஊர்களில் மிகவும் அரிது. அத்தகைய இடத்தின் வாசலில் சீட்டுக் கிழிப்பவனை நிறுத்தலாகாது.

கடைசியாக, பொதுஜனங்களின் பொறுப்பு. 2019-ல், சென்னையின் ஏரிகளெல்லாம் வறண்டு ஜனங்கள் தண்ணீருக்குத் தவித்த கோடையில், சிட்லபாக்கத்து வாசிகள் கூடித் தங்கள் ஏரியில் இறங்கிக் குப்பை வாரினார்கள். அதன் பிறகே சர்க்காரும் அவ்வேரியைச் சீர்திருத்தப் பணம் ஒதுக்கியது. ஏரிக்குச் செய்ததைத் தோட்டத்துக்கும் செய்யலாம். நமது வாசகர்களில் பொதுக்காரியங்களில் ஈடுபட்டவர்கள் பலர். அவர்கள் தத்தம் பேட்டையின் மனைப்பிரிவுப் படத்தைத் தேடி எடுக்கட்டும். அதில் பூங்காவென்று குறித்த இடத்துக்கு நேரில் சென்று பார்க்கட்டும். அங்கே மரம் இருந்தால் தண்ணீர் ஊற்றட்டும். குப்பை இருந்தால் அகற்றச் செய்யட்டும். சுவர் எழும்பியிருந்தால் தகவலுரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்துமூலம் மனுக்கொடுத்து, எந்த உத்தரவின் பேரில் எழும்பியது என்று கேட்கட்டும். தங்கள் வட்டத்து அங்கத்தினரிடம் அந்த ஜாபிதாவைக் கேட்கட்டும். கொடுக்கும் வரையில் கேட்கட்டும்.

மக்கள் தோட்டத்தின் ஒவ்வொரு துண்டும் போனபோது சென்னைவாசிகள் அதைக் கணக்கிடவில்லை. அதன் மிருகங்களைத் தன் வாசலில் வைத்திருக்கும் தாம்பரத்துக்கு அந்தச் சரித்திரம் தெரியாதென்று சொல்ல நியாயமில்லை. ஜாபிதா வெளிவரட்டும், பிறகு பூச்செடிகளைப் பற்றிப் பேசுவோம்.